ஆட்டுக்குப் பின்னால் ஓர் இரைச்சல்

ஜாய்ஸின் குரலைக் கேட்காத காது செங்கல்பட்டு வட்டாரத்தில் இருக்க வாய்ப்பில்லை. அச்சரப்பாக்கத்தில் வெங்காய வண்டியிலிருந்து கூவுவது அவள்தான். ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் வந்து அழைப்பதும் அவள்தான். நற்செய்திக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பாக, "அனைவரும் வருக, ஆசீர்வாதம் பெறுக" என்று உருகுவதும் அவளே. ஒருமுறை தன் தெருவுக்கு வந்த காய்கறி வண்டிக்காரரிடம் தக்காளி விலைக்காக அவள் மல்லுக்கு நின்றாள். அவர் வண்டிமேலிருந்த ஒலிபெருக்கியைக் கைகாட்டினார். "தோ, அந்தம்மாவே சொல்லிகினு கீது, கிலோ முப்பதுன்னு. நீ இன்னாமா பேரம் பேசற?" என்றார். சொந்தக் குரலை எதிர்த்துப் பேச வழியில்லாமல் முப்பது ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு வந்தாள்.

அவளுடைய ஸ்டுடியோ கூடுவாஞ்சேரியில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டு மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். சென்னைக்குப் போகிற மின்சார ரயிலும் செங்கல்பட்டுக்குப் போகிற மின்சார ரயிலும் எந்த நிமிடத்தில் கடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற ஏழெட்டு நிமிடங்களில்தான் பதிவு. கணவன் ஜான்சன் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு மதியம் வீடு வந்தால் அவளுக்குத் துணைக்குரல் கொடுப்பான். ஜாய்ஸின் விளம்பரங்களில் வருகிற நாய், சேவல், சந்தேகம் கேட்கும் மாமனார் எல்லாமே ஜான்சன்தான்.

அதுவரை ஹெட்போனிலும், கம்ப்யூட்டரோடு வந்த பொம்மை ஸ்பீக்கரிலும் கேட்டே காலத்தை ஓட்டியவள், போன வருடக் கடைசியில் ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர் வாங்கினாள். மானிட்டர் என்றால் திரை இல்லை. பதிவில் இருப்பதை உள்ளபடி கேட்பதற்காக ஸ்டுடியோக்காரர்கள் மேசையின் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்கிற ஸ்பீக்கர் அது. ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும். ப்ளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஜோடியைத்தான் அவள் தூக்கிவந்தாள்.

விலைதான் குறைவு, வாய் பெரிது. முதல் நாள் தன் பழைய விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டபோது ஜாய்ஸுக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிவந்த கூட்ட அறிவிப்பில், "ஆண்டவர் உங்களை அழைக்கிறார்" என்று அவள் சொல்லி முடித்த கையோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. பட்டுச் சேலை விளம்பரத்தில், "மனதைக் கவரும் வண்ணங்கள்" என்ற இடத்தில் அவள் வயிறு சத்தமாக உறுமியது. ஹெட்போனில் ஒருநாளும் காதில் விழாதவை.

"இத்தனை வருசம் இதெல்லாம் ஊரே கேட்டுகினு இருந்துச்சா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஊரு தள்ளுபடி எத்தினி பர்சென்ட்னுதான் கேட்டுது. உன் வயிறையா கேட்டுது?" என்றான் ஜான்சன்.

குற்றம் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகவே அந்த ஸ்பீக்கர்கள்மேல் அவளுக்குப் பிரியம் வந்தது. ஆனால் அந்தப் பிரியம் ஒரு ரயில் போகிற நேரம்கூட நிற்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்தாள். செங்கல்பட்டு வண்டி கடந்து போய், தண்டவாளம் அடங்கியது. அப்போதுதான் அது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ அடுப்பைச் சிறிதாக வைத்து அப்பளம் பொரிக்கிற மாதிரி, நிற்காமல், ஒரே சீராக, ஸ்ஸ்ஸ்ஸ் என்று.

ஒயரை மாற்றினாள். ப்ளக் பாயின்ட்டை மாற்றினாள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ம்ம்ம் என்ற முனகல் நின்றது. ஸ்ஸ்ஸ் நிற்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற ஒயரையே கழற்றிப் போட்டுவிட்டு, பின்னாலிருந்த வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பார்த்தாள். அப்போதும் அதே அப்பளம். கடைக்குப் போன் போட்டாள்.

"அது அப்பிடித்தான்மா இருக்கும். உள்ள கீற ஆம்ப்பு மூச்சு வுடுது. அந்த வெலைக்கு மூச்சு வுடாத ஆம்ப்பு கெடைக்காது. பாட்டு போட்டா கேக்காது, போ" என்றார் கடைக்காரர்.

பாட்டு ஓடும்போது கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜாய்ஸுக்கு அதற்கப்புறம் பாட்டே ஓடவில்லை. சாப்பிடும்போதும் ஸ்ஸ்ஸ். துணி காயப்போடும்போதும் ஸ்ஸ்ஸ். ஜான்சன் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் கையை உயர்த்தி, "இரு மாமா, இங்க வரைக்கும் கேக்குது" என்றாள்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்த ஜான்சன் ஐந்தாம் நாள் மதியம் மாடிக்கு வந்தான்.

"நீ கண்ணை மூடிகினு ஒக்காரு. நான் பின்னாடி போயி ஒரு வேலை பண்றேன். சத்தம் எப்ப கொறையுது, எப்ப ஏறுதுன்னு மட்டும் சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். மேசைக்குப் பின்னால் ஏதோ ஒரு டிக் சத்தம் கேட்டது.

"இப்ப?"

"கொறைஞ்சிருக்கு. ஆனா கீது."

"இப்ப?"

"ஏறிடுச்சி! இன்னா பண்ண? இது முன்னவிட ஜாஸ்தி."

"இப்ப?"

"இப்ப வலது பக்கம் மட்டும் வருது மாமா. காதைக் குத்துது."

"கண்ணைத் தொற."

திறந்தாள். இரண்டு ஸ்பீக்கரின் ப்ளக்கையும் வாலைப் பிடித்து எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் ஜான்சன். முதல் 'இப்ப'வுக்கு முன்பே பிடுங்கியாகிவிட்டது என்றும், அதற்கப்புறம் தான் சும்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னான்.

அன்று மதியம் ஜான்சனுக்கு வெறும் ரசம் சாதம்தான் கிடைத்தது. வறுத்த வஞ்சிர மீன் முழுவதும் ஜாய்ஸின் தட்டில் இருந்தது. அவனை முறைத்துக்கொண்டே முள் எடுத்தாள். கோபம் அவன்மேலா, தன் காதின் மேலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடைசித் துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "மேல வா. ஒழுங்கா ஒரு தபா பாத்துடலாம்."

இந்த முறை அவன் ஏமாற்றவில்லை. நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஸ்பீக்கரைப் போட்டான், தலை விழுந்தால் நிறுத்தினான். கை எட்டுகிற தூரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள். ஆக, இரைச்சல் இருக்கிறது, தன் காது பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிச் சோதித்தார்கள். ஏழு, ஆறு என்று குறைந்து, மெத்தைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தபோது பத்துக்கு ஐந்துதான் வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு வரும். சத்தம் எட்டாமல் போகிற தூரத்தைக் குறித்து ஜாய்ஸ் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அப்பால் மேசையைத் தள்ளிவைத்தாள். இப்பால் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு மறுபடியும் சோறு இறங்கியது.

இந்தச் சமயத்தில்தான் தீனதயாளன் வந்தார். செங்கல்பட்டு, மறைமலைநகர், மாமல்லபுரம் என்று மூன்று ஊரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். போனில் பேசினாலும் அடுப்படியிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். அவருக்கு ஒரு விளம்பரம் வேண்டும். அதில் ஒரு நிபந்தனை இருந்தது.

"மொதல்ல ஆடு கத்தணும்மா. ஆனா பாவமா கத்தக்கூடாது. கேக்குறவனுக்கு ஐயோ பாவம்னு தோணிச்சின்னா அப்பறம் எவன் மட்டன் துன்னுவான்? சந்தோசமா கத்தணும்."

ஆடு எப்போது சந்தோஷமாகக் கத்தும் என்று ஜாய்ஸுக்கும் தெரியாது, ஜான்சனுக்கும் தெரியாது. பதினாறு ஆடுகள் கத்தித் தோற்றன. ஒன்று அழுதது, ஒன்று மிரட்டியது, ஒன்று அசப்பில் ஜான்சனின் அண்ணனைப்போலவே இருந்தது. பதினேழாவது தடவை, சம்பள உயர்வுச் செய்தி வந்த நாளை நினைத்துக்கொண்டு ஜான்சன் விட்ட "ம்மேஏஏ"வில் அப்படி ஒரு குதூகலம் இருந்தது. ஜாய்ஸ் அதன் பின்னாலேயே தன் குரலைச் சேர்த்தாள். தீனதயாளன் கேட்டுவிட்டு வாயெல்லாம் பல்லாக, இரண்டு பக்கெட் பிரியாணி கொடுத்தனுப்பினார். சிவப்பு பிளாஸ்டிக் வாளி, மேலே அவர் படம். பிரியாணி தீர்ந்த பிறகு ஜாய்ஸ் வாளிகளைக் கழுவி ஒயர் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் விளம்பரம் மூன்று ஊரிலும் ஓடியது. எட்டாம் நாள் தீனதயாளனிடமிருந்து போன்.

"இன்னாமா, ஆட்டுக்குப் பின்னால ஒரே இரைச்சலா கீதாமே?"

"யாருண்ணா சொன்னது?"

"சவுண்டு வெங்கடேசன் சொன்னாரு. மாமல்லபுரம் கடைக்கு வந்தாரு. வண்டியில உன் விளம்பரம் ஓடுறத கேட்டுட்டு, இது மலிவு ஸ்பீக்கர்ல மிக்ஸ் பண்ணது, அதோட இரைச்சல் பூரா இதுல ஏறிகீதுன்னாரு. நான் மொதல்ல நம்பல. அவரு சொன்னப்பறம் கேட்டா, ஆமாமா, ஸ்ஸ்ஸ்னுது! இப்ப எனக்கு ஆடே கேக்கல, அதான் கேக்குது. அவரே புதுசா பண்ணித் தரேன்றாரு. நீ தப்பா நெனைச்சுக்காத."

வெங்கடேசனை ஜாய்ஸ் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறாள். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பு ஓரம் ஸ்டுடியோ வைத்திருப்பவர். யூடியூபில் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரணை செய்கிறவர். "என் காது பொய் சொல்லாது" என்று தொடங்கித்தான் எல்லா வீடியோவும்.

அவள் போனை வைத்த பத்தாவது நிமிடம் இன்னொரு போன் வந்தது. பிரதீபா. ஜாய்ஸோடு சபைப் பாடகர் குழுவில் பாடுகிற பெண். வெங்கடேசனின் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர்.

"அக்கா, எங்க சாரு உங்க வேலையில கை வெச்சிட்டாராமே. ஸ்பீக்கர்ல வர இரைச்சல் ரெகார்டிங்ல எப்பிடிக்கா ஏறும்? எனக்கே வெக்கமா பூடுச்சி."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். காது நல்ல காதுதான். வாய் முந்திக்கும். சொன்னதுக்கப்பறம் வாபஸ் வாங்க மாட்டாரு, அதான் பேஜாரு."

எலியைப்போல ப்ளக்கைத் தூக்கிப் பிடித்த கணவனை ஜாய்ஸ் நினைத்துக்கொண்டாள். "பிரதீபா, உங்க ஸ்டுடியோல கறுப்புத் துணி கீதா?" என்று கேட்டாள்.

தீனதயாளனைச் சம்மதிக்கவைப்பது சுலபமாக இருந்தது. போட்டி என்ற ஒரு சொல் போதும், அவர் கல்லாவை விட்டு எழுந்துவிடுவார். மறைவில் வைத்த ஸ்பீக்கர்களில் மலிவானது எது என்று வெங்கடேசன் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் வேலை அவருக்கு. நடுவர் தீனதயாளன். வெங்கடேசனும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "அஞ்சு நிமிஷ வேலை. கேமராவும் வச்சுக்கறேன்" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாய்ஸும் ஜான்சனும் வண்டியில் கிளம்பினார்கள். ஸ்பீக்கர்கள் அட்டைப்பெட்டியோடு அவள் மடியில். ஒயர் வாளிகள் இரண்டும் ஹேண்டில்பாரில் இருபக்கமும் ஆடிக்கொண்டு வந்தன. திருக்கழுக்குன்றம் தாண்டியதுமே உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

வெங்கடேசன் வாசலிலேயே நின்றிருந்தார். கறுப்பு டீஷர்ட், கழுத்தில் ஹெட்போன். கைகுலுக்க வந்தபோதும், டீ குடித்தபோதும், பிறகு பிரியாணி சாப்பிட்டபோதும் அந்த ஹெட்போன் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

"வாங்க மேடம். நான் உங்களைக் குறை சொல்லல. ஸ்பீக்கரைத்தான் சொன்னேன்" என்றார் மரியாதையாக. "ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த ரூம்ல ஊசி விழுந்தாக்கூட எந்தக் கம்பெனி ஊசின்னு சொல்லிடுவேன்."

அறை நல்ல அறைதான். ஆனால் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த ரப்பர் பட்டையைக் கடல்காற்று பாதி தின்றிருந்தது. மூடினாலும் அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது.

பிரதீபா அறையின் ஒரு கோடியில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் மூன்று ஜோடி ஸ்டாண்டுகள். முதல் ஜோடியில் வெங்கடேசனின் சொந்த மானிட்டர்கள், கார் விலைக்கு ஒப்பிட்டுப் பேசப்படுபவை. இரண்டாவதில் ஜாய்ஸினுடையவை. இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்கும்படி அளந்து வைத்தாள். அதில் துளியும் கள்ளத்தனம் இல்லை. மூன்றாவது ஜோடி ஸ்டாண்டில் என்ன இருக்கிறது என்பது இரண்டு பெண்களுக்கும் ஜான்சனுக்கும் மட்டும்தான் தெரியும். பார்த்ததிலிருந்து ஜான்சன் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

முதல் சுற்று ஒலித்தரம். ஆட்டு விளம்பரத்தை ஒன்றிலும் இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வெங்கடேசன் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை. அவர் பார்வை துணிப்பக்கம் இல்லாமல் தன் முகத்துக்கே திரும்பித் திரும்பி வருவதை ஜாய்ஸ் கவனித்தாள். காது பாதி வேலை, எதிராளியின் முகம் பாதி வேலை. சரி, முகத்தால் ஆகட்டும் என்று அவளும் தீர்மானித்தாள்.

முதல் ஜோடியில் ஆடு கத்தியதும், பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறிய பிள்ளையைப் பார்க்கிற தாயைப்போல முன்னால் நகர்ந்து, உதட்டைக் கடித்து, கைகளைப் பிசைந்தாள். இரண்டாவது ஜோடி கத்தியபோது சும்மா வாட்சைப் பார்த்தாள்.

வெங்கடேசன் புன்னகைத்தார்.

"ஒண்ணாவது ஜோடி. கீழ கொழகொழன்னு இருக்கு, மேல கண்ணாடியைக் கீறுது. சாரி மேடம், அது உங்களோடது. ரெண்டாவது பாருங்க, ஆடு எழுந்து வந்து மடியில உட்காருது! அந்தக் காத்தோட்டம், அந்த ஆழம். அது என்னோட குழந்தை. ஆடுகூட நல்ல ஆடு. வெளிநாட்டு ரெகார்டிங்கா?"

ஜான்சனுக்கு இருமல் அதிகமாகிவிட்டது. வெளியே போய்விட்டு வந்தான்.

உள்ளபடி சொன்னால், அவருடைய ஜோடிதான் ஒசத்தி. ஆட்டின் அடித்தொண்டை அதில் அப்படியே எழுந்து நின்றது. ஜாய்ஸுக்கே தெரிந்தது. பார்க்காமல் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது சுற்று இரைச்சல். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மௌனத்தை மட்டும் கேட்க வேண்டும். வெங்கடேசன் ஏசியை நிறுத்தச் சொன்னார். கேமராவைப் பார்த்து, "இதுதான் என் ஏரியா" என்றார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். ஜாய்ஸ் அங்கிருந்து துணிக்கு உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள். அவள் வீட்டுச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி இரண்டு மடங்கு.

துணிக்குப் பின்னாலிருந்து பிரதீபா, "ஒண்ணு" என்றாள். டிக்.

"ம். லேசா. அதான் சொன்னேனே, மலிவு."

"ரெண்டு." டிக்.

"சுத்தம். கோயில் மாதிரி இருக்கு."

"மூணு." டிக்.

வெங்கடேசனின் முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுருங்கியது. "ஐயோ, இது என்ன ஜோடி? ஸ்ஸ்ஸ்ஸ்னு கொட்டுதே! ஒண்ணாவதுகூடப் பரவாயில்லை. இதெல்லாம் கடையில வச்சு விக்கிறதே தப்பு. பல்லு கூசுது."

"ஆமாமா!" என்று தீனதயாளன் தொடையில் தட்டினார். "எனக்கே கேக்குதே! எண்ணெய் காயுற மாதிரி!"

"அண்ணாத்த, நல்லா கேக்குதா?" என்றான் ஜான்சன்.

"டேய், செவுடனுக்கே கேக்கும்டா."

பிரதீபா துணியை உருவினாள்.

மூன்றாவது ஜோடி ஸ்டாண்டின் மேல், தீனதயாளனின் சிரித்த முகம் போட்ட சிவப்புப் பிரியாணி வாளிகள் இரண்டு, வாயை முன்னால் திருப்பி, கம்பீரமாக உட்கார்ந்திருந்தன. ஒயர் இல்லை, ப்ளக் இல்லை. பிரதீபாவின் கையில் ஒரு சுவிட்ச் போர்டு மட்டும் இருந்தது. அதுவும் எதிலும் செருகப்படாமல் வாலைத் தொங்கவிட்டிருந்தது.

கதவின் அடியிலிருந்து சவுக்குத் தோப்பின் சத்தமும் அதற்கப்பால் கடலின் சத்தமும் ஒன்றாகக் குழைந்து உள்ளே வந்தன. ஸ்ஸ்ஸ்ஸ்.

முதலில் வெடித்தது தீனதயாளன்தான். "என் பக்கெட்டு! என் பக்கெட்டு இரையுதா!" என்று சிரித்துச் சிரித்து, நாற்காலியிலிருந்து நழுவித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜான்சன் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு மனம்விட்டுச் சிரித்தான். வெங்கடேசன் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றாவது ஸ்டாண்டில் தன் ஸ்பீக்கர்களைப் பார்த்தார், இரண்டாவதில் ஜாய்ஸினுடையதைப் பார்த்தார், இன்னும் ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துபோனது. ஜாய்ஸுக்கு அந்த நிமிடம் லேசாகப் பாவமாக இருந்தது. நான்கு நாள் சோறு இறங்காமல் அலைந்தவள் அவள்.

ஆனால் வெங்கடேசன் லேசுப்பட்டவர் இல்லை. விறுவிறுவென்று எழுந்துபோய் ஒரு வாளியைத் தூக்கிக் காதில் கவிழ்த்துக்கொண்டார்.

"வாங்க! வந்து கேளுங்க எல்லாரும்!"

தீனதயாளன் இன்னொரு வாளியைக் காதில் வைத்தார். சிரிப்பு நின்றது. "டேய், ஆமாடா" என்றார். ஜான்சன் வாங்கி வைத்தான். பிரதீபா வைத்தாள். கடைசியில் ஜாய்ஸும் வைத்துப் பார்த்தாள். கதவடியில் வருகிற கடலிரைச்சல் காலி வாளிக்குள் புகுந்து சுற்றி, நன்றாகத் திரண்டு ஒலித்தது. ஸ்ஸ்ஸ்ஸ்.

"இரைச்சல் இருக்குன்னேன். இருக்கா, இல்லையா?" என்று மார்பை நிமிர்த்தினார் வெங்கடேசன். "என் காது பொய் சொல்லாது."

"அம்மாந்தூரம் தள்ளி ஒக்காந்துகினு பக்கெட்டுக்குள்ள கீறது கேட்டுச்சா சார்?" என்றாள் ஜாய்ஸ்.

"கதவுக்கு ரப்பர் மாத்தணும் பிரதீபா" என்று அவர் பேச்சை மாற்றினார்.

தீனதயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. "எல்லாம் சரிமா. ஆட்டுக்குப் பின்னால நான் கேட்டேனே, அது இன்னா?"

ஜாய்ஸ் அவரைக் கூட்டிப்போய்த் தன் ஸ்பீக்கர் அருகே காதை வைக்கச் சொன்னாள். "கேக்குதா? இது இருக்குண்ணா. நான் இல்லன்னு சொல்லல. வெல கொறைஞ்ச ஸ்பீக்கரு, மூச்சு வுடும். கிட்ட ஒக்காந்தா கேக்கும், தள்ளிப் போனா கேக்காது. ஆனா அது ஸ்பீக்கரோட நின்னுடும், ரெகார்டிங்ல ஏறாது. உங்க மூக்குக்கண்ணாடியில கீறல் வுழுந்தா ரோட்டுலயா கீறல் வுழும்?"

பிரதீபா விளம்பரத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டுக் காட்டினாள். ஆடு கத்துவதற்கு முன்னால் ஒலிக்கோடு நூல் பிடித்த மாதிரி அசையாமல் கிடந்தது. "இதுல ஒண்ணுமே இல்ல சார். உங்க வண்டியில ஆம்ப்ளிஃபயரை முழுசா திருப்பி வெச்சிருப்பாங்க. அதான் இரையுது. பாதிக்குக் கொறைக்கச் சொல்லுங்க."

தீனதயாளன் உடனே டிரைவருக்குப் போன் போட்டுக் குறைக்கச் சொன்னார். குறைத்தானா என்று உறுதி செய்துகொள்ளப் போனிலேயே ஆட்டைக் கத்தவிட்டுக் கேட்டார். "இப்ப ஆடு மட்டும் கேக்குது" என்று முகம் மலர்ந்தார். வேலை ஜாய்ஸிடமே இருக்கட்டும் என்றவர், கோழிக்குத் தனியாக ஒரு விளம்பரம் வேண்டும் என்றும் சொன்னார். ஜான்சன் அப்போதே தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிறகு மாமல்லபுரம் கடையிலிருந்து பிரியாணி வந்தது. ஐந்து பேரும் ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளிநாட்டு ஆடு யாரென்று தெரிந்ததும் வெங்கடேசன் எழுந்து ஜான்சனுக்குக் கைகொடுத்தார்.

அந்த வீடியோவை அவர் அழித்துவிடுவார் என்றுதான் ஜாய்ஸ் நினைத்தாள். மூன்றாம் நாள் அது வெளியாகிவிட்டது. தலைப்பு: 'உங்கள் அறை அமைதியானதா? ஒரு வாளி போதும்.' துணி விலகியது முதல்தான் இருந்தது, அதற்கு முந்தையது எதுவும் இல்லை. அவருடைய வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான் என்று பிரதீபா சொன்னாள். சொல்லிவிட்டு, "அக்கா, முழு வீடியோ என்கிட்ட கீது, வேணுமா?" என்று கேட்டாள். "இருக்கட்டும், கோழி விளம்பரம் முடியட்டும்" என்றாள் ஜாய்ஸ்.

இரண்டு வாரம் கழித்து வெங்கடேசனே கூப்பிட்டார். கடற்கரையில் ஒரு விடுதியில், சிற்பங்களைப் பார்க்க வருகிற விருந்தினர் காதில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒரு வர்ணனை கேட்கிறார்களாம். இரண்டு மணிநேரம் ஓடும். நிதானமான பெண் குரல் வேண்டும். "உங்க குரல்தான் மேடம். சத்தியமா அன்னைக்கே தோணுச்சு" என்றார். குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பணிவு இருந்தது.

ஜாய்ஸ் போனாள். கதவுக்குப் புது ரப்பர் போட்டிருந்தார்கள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றாள். அந்தப் பக்கம் வெங்கடேசனும் பிரதீபாவும். காகிதத்தைப் பார்த்து முதல் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்து முடித்தாள். தனக்கே திருப்தியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், வெங்கடேசன் தலையைச் சாய்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. லேசா ஒரு ஸ்ஸ்ஸ் வருது."

பிரதீபா நாற்காலியில் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். ஜாய்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பக்கெட்டு எதுவும் எடுத்தாரலியே சார்."

"இல்ல மேடம், நிஜமா. ஒவ்வொரு வரி முடிஞ்சதும், மூச்சு இழுக்கும்போது, இடது பக்கம் மட்டும்." அவர் தயங்கினார். "மூக்குல சளி இருக்கா?"

ஜாய்ஸ் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வண்டியில் வந்திருந்தாள். இடது மூக்கு லேசாக அடைத்திருந்தது உண்மைதான். கண்டுபிடிக்கிற அளவுக்கு இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. பிரதீபா பதிவை ஓடவிட்டுக் கேட்டாள், மறுபடியும் ஓடவிட்டாள், மூன்றாவது தடவைதான் ஆமாம் என்று தலையசைத்தாள்.

வெங்கடேசன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஒளித்துவைக்க அந்த அறையில் இடம் போதவில்லை.

ஜாய்ஸ் கர்ச்சீப்பை எடுத்து, மைக்கிலிருந்து திரும்பி நின்று, தன்னால் முடிந்த மட்டும் சத்தமாக மூக்கைச் சிந்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெங்கடேசன் இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினார். அது அவரைவிட்டு இறங்கி அன்றுதான் அவள் பார்த்தாள்.

"இப்ப போலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.